பாதி வண்டி தூங்குது: பழைய ஃபோர் வீல் டிரைவை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

இந்த எபிசோட் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு. மாருதி ஜிப்சி, மஹிந்திரா எம்எம்540 மாதிரி ஜீப்புகள், 2010-ல் வந்த முதல் தலைமுறை தார், இந்த வகை. செகண்ட் ஹேண்டில் ஒண்ணு வாங்கலாமா என்று ராத்திரி முழுக்க ஓஎல்எக்ஸ் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்தான். என்னிடம் இருப்பது 2003 ஜிப்சி, அதனால் உதாரணங்கள் அதிலிருந்தே அதிகம் வரும். முக்கால்வாசி மத்த வண்டிகளுக்கும் பொருந்தும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். சென்னை தட்டையான ஊர். மயிலாப்பூர் மாட வீதியில், பாண்டி பஜார் டிராஃபிக்கில், அடையாறு எல்.பி. ரோட்டில் ஓட்டும்வரை முன் சக்கரத்துக்கு பவர் தேவையே இல்லை. அதனால் வண்டியில் பாதி, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்ட், முன் ஆக்சில், ஹப் எல்லாம் வருஷக்கணக்கில் வேலையே செய்யாமல் கிடக்கு. மலையில் ஓடும் வண்டி தேய்ஞ்சு கெடும். நம்ம ஊர் வண்டி சும்மா இருந்தே கெடும். அப்புறம் நவம்பர், டிசம்பரில் ஒரு நாள் தெருவில் தண்ணி நிக்கும்போது, இதுக்குத்தானே வாங்கினோம் என்று லீவரை இழுப்போம். அன்னிக்கு அது விழாது. இல்லைன்னா விழுந்துட்டு, எங்கேயோ ஒரு சீல் வழியா தண்ணி உள்ளே போய், அடுத்த மூணு மாசத்தில் ஒரு பேரிங்கைத் தின்னுடும்.

முதலில் உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம். ஜிப்சி இந்தியாவில் வந்தது 1985-ல், 970 சிசி இன்ஜினோடு. 1996-ல் 1.3 லிட்டர் ஜிப்சி கிங், 2000-ல் அதே 1.3-ல் எம்பிஎஃப்ஐ. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்னு போச்சு. இந்த முப்பது சொச்ச வருஷத்தில் இன்ஜின் மாறிச்சே தவிர, கீழே இருக்கிற அமைப்பு பெரிசா மாறவே இல்லை: லேடர் சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். கியர் பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. நடுவில் ஒரு சின்ன ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. ஆக மொத்தம் மூணு ஷாஃப்ட். ஷாஃப்ட் முனைகளில் இருக்கிற மூட்டைத்தான் மெக்கானிக் 'கிராஸ்' என்பார். ஆக்சில் நடுவில் உருண்டையா இருக்கிறதை 'கிரௌன்' என்பார், அதுதான் டிஃபரன்ஷியல். இந்த ரெண்டு வார்த்தை தெரிஞ்சா ஷெட்டில் பாதிப் பேச்சு புரியும்.

இந்த வண்டிகளில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4 எச் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுத்தும். ஆனா வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். மண்ணிலோ சேத்திலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி பண்ணிக்கும். காய்ஞ்ச தார் ரோட்டில் டயர் வழுக்காது. வித்தியாசம் முழுக்க ஷாஃப்ட்டிலும் கியரிலும் முறுக்கா ஏறும். ஸ்டியரிங் கனமாகும், வண்டி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும், லீவர் 4 எச்-ஐ விட்டு வரவே வராது. அப்படி மாட்டிக்கிட்டா லீவரைப் பிடிச்சு சண்டை போடாதீங்க. நேராக ரிவர்ஸில் சில மீட்டர் மெதுவா போனா முறுக்கு அவிழும், லீவர் தானா வரும். 'நாலு சக்கரமும் ஓடினா கிரிப் நல்லா இருக்குமே' என்று காய்ஞ்ச ஈ.சி.ஆரில் 4 எச் போட்டு ஓட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு வேண்டாம்.

அப்படின்னா ஊருக்குள்ளே ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யுதான்னு எப்படிச் சோதிக்கிறது? பெசன்ட் நகர் பீச் மணலில் இறக்கலாமே என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். வேண்டாம். அனுமதி இல்லாத விஷயம். அதுக்கு மேல், ஜனவரி முதல் சில மாதங்கள் அந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். சோதனையை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே செய்யலாம், வண்டி நகரவே வேண்டாம்.

சமதரையில் நிறுத்துங்க. ரெண்டு பின் சக்கரத்துக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வைங்க. இது சும்மா சொல்ற வார்த்தை இல்லை. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்திருந்தாலும், டிஃபரன்ஷியல் வழியா அந்தச் சக்கரம் காற்றில் சுத்தும், தரையில் இருக்கிற சக்கரம் உருளும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிடும். அதே மாதிரி, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஆக்சில் ஸ்டாண்டு ரெண்டு வாங்குங்க. இந்த எபிசோடில் வேற எதையும் வாங்கலைன்னாலும் பரவாயில்லை.

இப்ப கியர் நியூட்ரல், லீவர் 2 எச். ஹப்பில் கையால் திருப்பும் குமிழ் இருக்கிற வண்டின்னா அதை லாக்கில் வைங்க. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுத்துங்க. சக்கரம் சுத்தணும், கூடவே முன் ஷாஃப்ட்டும் சுத்தணும். சக்கரம் மட்டும் சுத்தி ஷாஃப்ட் நின்னா, ஹப் லாக் ஆகலை. அடுத்து லீவரை 4 எச்-க்கு மாத்துங்க. இப்ப சக்கரம் கொஞ்சம் ஆடிட்டு நின்னுடணும், ஏன்னா முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்ட்டோடு கோர்த்தாச்சு, பின் சக்கரங்கள் தரையில் இருக்கு. இன்னும் சுத்தினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் கோர்க்கவே இல்லைன்னு அர்த்தம். அடுத்த பக்கத்துக்கும் இதே மாதிரி. மொத்தம் இருபது நிமிஷம். ஹப்பில் குமிழ் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்ட் எப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும், ஆனா லோடு ஏறாது. அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் இறுகிப் போற பிரச்சினை அங்கேயும் உண்டு. மழை பெய்ஞ்சு ஈரமான மண் தரை கிடைச்சா மாசம் ஒரு தடவை 4 எச், 4 எல் ரெண்டிலும் நேர்க்கோட்டில் கொஞ்ச தூரம் நகர்த்துங்க. உள்ளே எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

சரி, சத்தம். எனக்கு இந்த வண்டிகள் பிடிக்கிறதுக்குக் காரணமே இதுதான். கோடில் ஒரு பக் வந்தா என்ன செய்வோம்? பாதியை கமென்ட் பண்ணிட்டு ஓட்டிப் பார்ப்போம். பக் போச்சுன்னா அந்தப் பாதியில் இருக்கு. இந்த வண்டியில் அதே வேலைக்கு லீவரையே கொடுத்திருக்காங்க. ஓடும்போது 'ஊஊ' என்று ஒரு முனகல் வருதுன்னு வைங்க. காலி ரோட்டில் கிளட்ச்சை மிதிச்சு வண்டியை உருள விடுங்க. சத்தம் இன்னும் இருந்தா அது இன்ஜின் இல்லை. ஹப்பை ஃப்ரீ பண்ணி ஓட்டுங்க. சத்தம் போச்சுன்னா முன் ஷாஃப்ட், முன் கிரௌன் பக்கம். போகலைன்னா பின்பக்கம் இல்லைன்னா நடுவில்.

இன்னும் அழகான ஒரு சோதனை இருக்கு. சக்கரங்களுக்குக் கட்டை வெச்சுட்டு, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போட்டு, மெயின் கியரை மூணில் போட்டு, கிளட்ச்சை விடுங்க. வண்டி நகராது, ஆனா கியர் பாக்ஸும் நடு ஷாஃப்ட்டும் முழு வேகத்தில் சுத்தும். நின்ன இடத்திலேயே கேட்கலாம். இங்கேயே சத்தம் வந்தால் ஆக்சிலைப் பிரிக்கிற செலவு மிச்சம். கட்டை வைக்காமல் இதைச் செய்யாதீங்க. டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியர் போட்டிருப்பது வண்டியைப் பிடிச்சு நிறுத்தாது.

கிராஸ் கெட்டால் அதுவே பேசும். மெதுவா போகும்போது குருவி கத்துற மாதிரி 'கீச் கீச்', வேகத்தோடு அதுவும் வேகமாகும். ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போடும்போது 'டக்' என்று ஒரு அடி. கீழே குனிஞ்சு பார்த்தால் கிராஸ் மூடியைச் சுத்தி செம்மண் கலரில் தூள் இருக்கும். கிரீஸ் வத்திப் போய் துரு அரைபடுது. கிரீஸ் நிப்பிள் இருந்தா கிரீஸ் கன்னில் அடிக்கணும், நாலு பக்கமும் பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும்வரை. மூணு பக்கம் வந்து ஒரு பக்கம் வரலைன்னா அந்தப் பக்கம் காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, விடாதீங்க. மழையில் தண்ணியில் ஓட்டின வாரம் இது கட்டாயம்.

அடுத்தது ஜிப்சி ஓட்டுகிற எல்லாரும் ஒரு நாள் சந்திக்கிறது: 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் கையில் நிக்காமல் இடவலமா ஆடும். பயங்கரமா இருக்கும். பிரேக்கை அடிச்சு மிதிக்காமல் வேகத்தைக் குறைச்சாதான் நிக்கும். இதுக்குப் பல ஷெட்டில் உடனே புது ஸ்டியரிங் டேம்பர் மாட்டித் தருவாங்க. ஆட்டம் நின்னுடும், நாமும் சந்தோஷமா காசு கொடுத்துட்டு வருவோம். டேம்பர் அறிகுறியை அமுக்குதே தவிர காரணத்தைத் தொடறதில்லை. காரணத்தை வரிசையா தேடணும். முதலில் சுலபமானது: டயர் காற்று, வீல் பாலன்சிங். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா டை ராட் முனை. 12 மணி, 6 மணி இடத்தில் பிடிச்சு ஆட்டும்போது தெரிஞ்சா ரெண்டு சந்தேகம்: வீல் பேரிங்கா, கிங்பின் பேரிங்கா? இங்கே ஒரு சின்ன தந்திரம். வீட்டில் யாரையாவது உட்கார வெச்சு பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் போச்சுன்னா வீல் பேரிங். அப்படியே இருந்தா கிங்பின். பிரேக் மிதிச்சால் டிஸ்க்கும் நக்கிளும் ஒண்ணா இறுகிடும், அதனால் நடுவில் இருக்கிற வீல் பேரிங்கின் ஆட்டம் மறைஞ்சுடும். கிங்பினுக்கு ஷிம் போட்டுச் சரி செய்யறது வீட்டு வேலை இல்லை, ஆனா 'எனக்கு டேம்பர் வேண்டாம், கிங்பின் பாருங்க' என்று சொல்லிப் போய் நிக்கிறதுக்கும் 'வண்டி ஆடுதுண்ணா' என்று போய் நிக்கிறதுக்கும் பில்லில் வித்தியாசம் தெரியும்.

முன் சக்கரத்துக்கு உள்பக்கம் பந்து மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதையும் பாருங்க. லேசா கிரீஸ் பூசின மாதிரி இருந்தால் சரி. கறுப்பா கஞ்சி மாதிரி ஒழுகினால், ஆக்சில் உள் சீல் போய் கிரௌன் ஆயில் கிரீஸோடு கலந்துடுச்சு. அவசரம் இல்லைன்னு தள்ளிப் போடறது இதைத்தான், ஆனா அந்தப் பக்கம் கிரௌன் ஆயில் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு ஞாபகம் வைங்க. பின் சக்கரத்தில் இதே மாதிரி சீல் போனால் ஆயில் நேரா பிரேக் டிரம்முக்குள் போகும். அதைத் தள்ளிப் போடவே கூடாது.

இப்ப தண்ணி. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டினது, 2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணி நின்னது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஒவ்வொரு தடவையும் ஜிப்சி, தார் வைத்திருக்கிறவருக்கு அக்கம்பக்கத்திலிருந்து போன் வரும். டயாலிசிஸுக்குப் போகணும், பால் பவுடர் வேணும், பாட்டியை மாடியிலிருந்து இறக்கணும். போகத்தான் வேணும். என் கணக்கு ஒண்ணுதான்: சக்கர ஹப்பின் நடு மையம் வரை தண்ணி இருந்தால் நடக்கும் வேகத்தில் போவேன், அதுக்கு மேல் போக மாட்டேன். துரைசாமி சப்வே மாதிரி இடத்தில் ஆழம் கண்ணால் தெரியாது, அங்கே பேச்சே இல்லை.

போயிட்டு வந்தப்புறம் நடப்பதுதான் முக்கியம். ஓடிச் சூடான கிரௌன் திடீர்னு குளிர்ந்த தண்ணியில் இறங்குது. உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். அதுக்குத்தான் ஆக்சில் மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக் குழாய் இருக்கு. பழைய வண்டிகளில் அது சேறு அடைச்சு மூடியிருக்கும். அப்ப சீல் வழியா தண்ணியை இழுக்கும். பிரீதரைச் சுத்தம் பண்ணி, அதிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இன்ஜின் ரூம் உயரத்துக்குக் கொண்டு போய்க் கட்டினால், சில நூறு ரூபாயில் இந்தக் கதை முடிஞ்சுடும்.

தண்ணி போயிருக்கான்னு பார்க்க வண்டியை ராத்திரி முழுக்க நகர்த்தாமல் விடுங்க. தண்ணி எண்ணெயை விடக் கனம், அடியில் போய்ப் படியும். காலையில் கீழே இருக்கிற டிரெய்ன் போல்ட்டை லேசா தளர்த்தினால் முதலில் சொட்டுறது தண்ணியா எண்ணெயா என்று தெரியும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தா ஏற்கெனவே கலந்தாச்சு, மாத்தணும். ஒரு விதி: டிரெய்னைத் தொடுறதுக்கு முன்னால், மேலே ஆயில் ஊத்துற போல்ட் கழலுதான்னு பார்த்துடுங்க. கீழே எல்லாம் வடிச்சுட்டு மேல் போல்ட் துருப்பிடிச்சு அசையலைன்னா, வண்டி அங்கேயே நிக்க வேண்டியதுதான். முன் கிரௌன், பின் கிரௌன், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் என்று நாலு இடம். எந்த கிரேடு, எவ்வளவு என்று உங்க வண்டி மேனுவல் சொல்றதை மட்டும் கேளுங்க. வடிச்ச ஆயிலை கேனில் பிடிச்சு ஷெட்டில் கொடுத்துடுங்க. மழைநீர் வடிகாலில் ஊத்தினால் அது பக்கிங்காம் கால்வாய்க்கோ கூவத்துக்கோ போகும்.

பார்க்கிங்கில் நின்ன வண்டிக்குள்ளே தண்ணி ஏறிப் போச்சுன்னா சாவியைத் தொடாதீங்க. தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா கனெக்டிங் ராட் வளையும். பேட்டரியைக் கழட்டுங்க. ஆயில் டிப் ஸ்டிக்கை இழுத்து அளவு ஏறியிருக்கா, நிறம் மாறியிருக்கா பாருங்க. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க, நனைஞ்சிருந்தா அதுவே பதில். பெட்ரோல் வண்டின்னா நாலு பிளக்கையும் கழட்டின பிறகுதான், அதுவும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துட்டுத்தான், இன்ஜினைச் சுத்தணும். டீசல்னா டோ பண்ணி ஷெட்டுக்கு. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி இப்படி இன்ஜின் உடைஞ்சதுக்குப் பணம் தராது, அதுக்குத் தனி ஆட்-ஆன் வேணும். பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் அதைத் தரவே மாட்டாங்க. ஒரு சாவித் திருப்பலுக்கு விலை ஒரு இன்ஜின்.

மத்தது சுருக்கமா. ஸ்டார்ட்டிங் டிரபிள்: பேட்டரியைக் குறை சொல்றதுக்கு முன்னால் மல்டிமீட்டர் எடுங்க. நின்ன வண்டியில் 12.6 வோல்ட் சுமார் இருக்கணும், ஓடும்போது 14 பக்கம். ரெண்டும் சரியா இருந்தும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுத்தினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்கிலும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் அரிச்சுப் போயிருக்கு. நம்ம கடற்கரைக் காற்றில் இது ரொம்ப சகஜம். ஹீட் ஆகுதா? சிக்னலில் நிக்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன் பக்கம் பாருங்க. வேகமா ஓடும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு. போர்வெல் தண்ணி ஊத்தி ஊத்தி உப்புப் படிஞ்சதுதான் பெரும்பாலும்.

பெட்ரோல் ஹோஸ், இதைச் சொல்லியே ஆகணும். இப்ப பங்கில் வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டிகளின் ரப்பர் அதுக்காகச் செஞ்சது இல்லை. ஹோஸைக் கையால் மடிச்சுப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சாலோ, பிசுபிசுன்னு இருந்தாலோ, மொத்தத்தையும் எத்தனாலுக்கு ஏத்த ஹோஸா மாத்துங்க. சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் வாசனை வந்தால் அந்த வண்டி அன்னிக்கு நகரக் கூடாது.

இவ்வளவும் எதுக்குன்னா, 15 வருஷத்தில் ஆர்.சி. முடியும். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் கார்களுக்கான அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆச்சு. பணத்தை விட, பிரேக், லைட், புகை எல்லாம் சரியா இருக்கிற வண்டியா கொண்டு போய் நிறுத்தணும். கடைசி வாரத்தில் ஷெட்டுக்கு ஓடினால் அவங்க சொல்றதுதான் விலை. பிரேக் வேலை, கிங்பின், கியர் பாக்ஸ் இதெல்லாம் ஷெட்டுக்கே விடுங்க. ஆயில், கிரீஸ், ஹோஸ், எர்த், சோதனைகள் நம்ம கையில்.

பார்ட்ஸ் எங்கே என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. புதுசுன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழசுன்னா புதுப்பேட்டை. ஹப் குமிழ், கதவு, சீட் ஃபிரேம், கண்ணாடி, இதையெல்லாம் புதுப்பேட்டையில் வாங்கலாம். பிரேக் பாகமும் ரப்பரும் அங்கே வாங்காதீங்க. எந்தக் கடைக்குப் போனாலும் 'ஜிப்சிக்கு' என்று மட்டும் சொன்னால் போதாது. 970 சிசி-யா, 1.3 கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐ-யா, எந்த வருஷம் என்று கேட்பாங்க. பழைய பார்ட்டைத் துடைச்சு ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துட்டுப் போங்க. கவுன்ட்டரில் ரெண்டையும் பக்கத்தில் வெச்சுப் பல்லை எண்ணிப் பார்த்துட்டு வாங்குங்க.